சொந்த வேலையிலிருந்து ஐந்து வாக்கியங்கள்

குரோனிங்கன்
16 நவம்பர் 1999

ஹார்மென்,

சனிக்கிழமை என் குளிர்கோட்டை எடுத்து என் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டாய். உன் நாற்பதாவது பிறந்தநாள். எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் உன் மேலாளர் ரூல்ஃப்செமா எதிரே இருக்கும்போது, "யெல்லே எழுதினதெல்லாம் நிஜமாடா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. என் தப்புதான். ஆனால் நீ பதில் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் சாய ஆலையில் இந்த விஷயம் ஆளுக்கொரு கதையாக ஓடுகிறதாம். என் பங்கு என்ன என்று என் வாயாலேயே கேள். அமெரிக்கர்கள் ஆலையை வாங்கியதும் நாற்பது பக்கத்துக்கு நடத்தை விதிகளை ஆங்கிலத்தில் அனுப்பினார்கள். எல்லோரும் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். புரியாதவர்களுக்கு வகுப்பெடுக்க உன் சிபாரிசில் நான் வந்தேன். செவ்வாய்தோறும் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்கள். லஞ்சம், பொய்ப்பதிவு, மூடிமறைப்பு, உடந்தை என்று அறுபது சொற்கள். கொதிகலன் பார்க்கிற அந்தத் தடித்த மனிதர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், திருட்டுக்கே இத்தன வார்த்த வச்சிருக்கானுங்கன்னா இவனுங்க எவ்வளவு திருடியிருப்பானுங்க!" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். உள்ளிருந்து உண்மையைச் சொல்கிறவனை நாம் தேவாலய மணியடிப்பவன் என்கிறோம், அவர்கள் விசில் ஊதுகிறவன் என்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்த அன்று உங்கள் ஆய்வுக்கூடத்து யெல்லே நன்னிங்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி வகுப்பில், புதுச் சொற்களை வைத்து அவரவர் சொந்த வேலையிலிருந்து ஐந்து வாக்கியங்கள் எழுதிவரச் சொன்னேன். யெல்லே எழுதியது இது: "புதன்கிழமை அரசுக் கண்காணிப்பாளர் வருவதற்கு முன் கழிவுநீர் மாதிரிப் புட்டியைக் குடிநீர்க் குழாயில் நிரப்புகிறோம். இது பொய்ப்பதிவு. நாலாம் வால்வைத் திறந்து கழிவைக் கால்வாயில் விடுகிறோம். இது மூடிமறைப்பு. மேலாளருக்குத் தெரியும், இது உடந்தை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று பிழைகளைத் திருத்திப் பத்துக்கு எட்டு போட்டேன். எட்டு நான் லேசில் போடுவதில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் "நல்ல கற்பனை!" என்று எழுதினேன். பிறகு பன்னிரண்டு பேருடைய தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து உங்கள் பணியாளர் பிரிவில் கொடுத்தேன். பயிற்சிக்கு அரசு மானியம் வாங்க அவர்களுக்கு வீட்டுப்பாடம்தான் அத்தாட்சி. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் நாள் யெல்லேவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார்கள்.

கற்பனை இல்லை என்றால் அவன் சோற்றில் மண்ணைப் போட்டது நான். இப்போதாவது சொல். நிஜமா?

வீட்ஸ்கே


ஓஸ்டர்வீரும்
24 நவம்பர்

அக்கா,

பதினாறு பேர் நடுவில் தம்பியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, இப்போது "என் தப்புதான்" என்று ஒரு வரி. சின்ன வயதிலிருந்து இதுதான் உன் வழக்கம். நீ கேட்பாய், அடி எனக்கு விழும். சொந்தக்காரர்களின் பிறந்தநாளைக் குறித்துவைக்கக் கழிப்பறையில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் உன் பெயரை அடித்துவிட்டேன். நாத்தனார் பெயரையா அடித்தீர்கள் என்று ஹிங்கே அதைப் பார்த்து அழுதாள். அழட்டும்.

யெல்லே ஒரு புலம்பல் பேர்வழி. காப்பி ஆறியிருந்தால் புலம்புவான், சூடாக இருந்தாலும் புலம்புவான். அவன் எழுதியதற்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நான் ஷிப்ட் பொறுப்பாளன். ஆய்வுக்கூடத்தில் அவன் என்ன கனவு கண்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை ரூல்ஃப்செமா என்னைக் கூப்பிட்டார். "ஒங்க அக்கா ரொம்ப அக்கறையான ஆளு போல, ஹார்மென்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிப்பு உனக்குத் தெரியாது. ஆலைக்குப் போன் செய்யாதே. மின்னஞ்சலும் வேண்டாம், அதையெல்லாம் படிக்கிறார்கள் என்று பேச்சு. எழுதியே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குத் தபாலில் எழுது. எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயம். புகையில் வாட்டிய விலாங்கு மீன் உனக்கு உயிர் என்று தெரியும். எங்கள் கால்வாயில் பிடித்தது என்று யாராவது விற்றால் வாங்காதே. ஏன் என்று கேட்காதே.

ஹார்மென்


குரோனிங்கன்
12 டிசம்பர்

ஹார்மென்,

விலாங்கு வாங்கவில்லை. நீ சொல்லாமல் சொன்னது புரிந்தது. 

போன வாரம் யெல்லே இங்கே வந்தான். இவ்வளவு தூரம் சைக்கிளில், எதிர்க்காற்றில். கத்துவான், திட்டுவான் என்று பயந்தேன். காப்பியும் ஒரு பிஸ்கட்டும் வைத்தேன். பிஸ்கட்டைத் தொடவில்லை. "இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் டீச்சர். கடைசி ரெண்டு வருஷமா இதத்தான் பார்த்துட்டிருக்கேன். நம்ம பாஷையில சொல்ல நாக்கு எழல. என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. இங்கிலீஷ்ல எழுதினப்போ வேற யாரோ செஞ்ச மாதிரி இருந்துச்சு, சுலபமா வந்துடுச்சு. நீங்க ஒருத்தர்தான் படிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றான்.  

வழக்குப் போட்டிருக்கிறான். ஜனவரி 18 விசாரணை. ஆலையின் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? யெல்லே வேண்டுமென்றே அவதூறு எழுதினானாம். ஆசிரியையே அதைப் பொய் என்று கண்டுகொண்டு "நல்ல கற்பனை!" என்று எழுதியிருக்கிறாராம். என் சிவப்பு மைதான் அவர்களுடைய முதல் சான்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானே இலை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவனுக்கு ஒரே ஒரு சாட்சி போதும். "புதன்கிழமைகள்ல ஹார்மென்தான் கூட நின்னாரு," என்றான். உன்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. "அவரு நல்ல மனுஷன், அவருக்கும் குடும்பம் இருக்கு," என்றுதான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வந்து சொல், தம்பி. நீயும் நிம்மதியாகத் தூங்குவாய்.

வீட்ஸ்கே


ஓஸ்டர்வீரும்
29 டிசம்பர்

அக்கா,

சரி. கேட்டுக்கொள். நிஜம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் சுத்திகரிப்புத் தொட்டியின் வடிகட்டி உடைந்தது. புதிது வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை ஆலையை நிறுத்த வேண்டும், சட்டம் அப்படி. ரூல்ஃப்செமா என் தோளில் கை போட்டு, "இந்த ஒரு வாட்டி, ஹார்மென்," என்றார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், வருவதற்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து காப்பி இருக்குமா என்று கேட்கிறவர். புதன்கிழமை காலை புட்டியைக் குழாயடியில் நிரப்பி, மூடியை முறுக்கி, சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். யெல்லே பக்கத்தில் புட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. புது வடிகட்டி விலை கூடுதல் என்று தள்ளிப்போட்டார்கள். அந்த ஒரு வாட்டிதான் இரண்டு வருடமாக ஓடுகிறது. நாலாம் வால்வைத் திறக்கச் சொல்வதும் நான்தான்.

ரூல்ஃப்செமா ஒரு தாளிலும் ஒரு எழுத்து எழுதியதில்லை. எல்லாச் சீட்டிலும் என் கையெழுத்துதான். இதைத்தான் நீ யோசிக்க மாட்டாய். நீ "வந்து சொல்" என்கிறாய். நான் சொன்னால் உள்ளே போவது நான், அவர் இல்லை. ஆலையை மூடினால் நூற்று நாற்பது குடும்பம். இந்தக் கடலோரத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? உன்னைப் போல இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக் கிழவர் ஞாயிறுதோறும் அந்தக் கால்வாயில் தூண்டில் போடுகிறார். பிடித்ததில் பாதியை நம் வீட்டுக்கும் கொண்டுவந்து தருகிறார். ஹிங்கே நன்றி சொல்லி வாங்குகிறாள், நான் அவள் பார்க்காத நேரம் குப்பையில் போடுகிறேன். அவர் தின்கிறார். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

என்னை ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடந்ததில்லை என்று. இன்னும் போடவில்லை. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? பாடம் நடத்தாமல் சொல்.

படித்ததும் கிழித்துவிடு.

ஹார்மென்


குரோனிங்கன்
7 ஜனவரி 2000

தம்பி,

நான் உன் இடத்தில் இருந்தால் பயந்து செத்திருப்பேன். என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. பாடம் நடத்த எனக்கு அருகதை இல்லை.

ஆனால் யெல்லேவைப் பார்த்துவிட்டு வந்தேன். உடனடி நீக்கம் என்பதால் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையும் கிடையாது. எந்த ஆலைக்குப் போனாலும் இவன் போய்ச் சேரும் முன் போன் போய்விடுகிறது. அவன் மனைவி ரென்ஸ்கே சொன்னாள்: "ஒரே கப்ப கழுவிட்டே நிக்கிறாருங்க. கூப்பிட்டா திரும்பறதில்ல. ஹார்மென் வருவாரு, வருவாருன்னு மட்டும் சொல்லிட்டு இருக்காரு."

18ஆம் தேதி காலை பத்து மணி. நான் எழுதியது என் மடத்தனம், அவன் கற்பனை இல்லை என்று சொல்லப் போகிறேன். ஆனால் நான் புட்டியைப் பார்த்தவள் இல்லை. என் பேச்சு அம்பலம் ஏறாது. நீ பார்த்தவன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், ஹார்மென். அதை யெல்லே உனக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

வா.

வீட்ஸ்கே


ஓஸ்டர்வீரும்
20 ஜனவரி

அக்கா,

நீயும் அங்கே இருந்தாய். எல்லாம் காதால் கேட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன் தாழ்வாரத்தில் யெல்லே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இயந்திரத்தில் இரண்டு காப்பி பிடித்து வந்திருந்தான். "ஒங்களுக்குப் பால் வேணாம், சக்கர மட்டும், சரிதானே?" என்றான். நான் வாங்கிக் குடித்தேன். எதிரே ரூல்ஃப்செமா செய்தித்தாள் படிப்பது போல உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அந்த நீதிபதியம்மா இரண்டு தடவை கேட்டார், "யோசிச்சு சொல்லுங்க, ஐயா. அப்படி எதுவும் நடக்கலையா?" இரண்டு தடவையும் நான் "நடக்கல" என்றேன். இரண்டாவது தடவை குரல் நன்றாகவே வந்தது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. யெல்லே தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தித் திட்டியிருக்கலாம்.

ரூல்ஃப்செமா தன் காரில் கொண்டுவந்து விட்டார். "பிரமாதம், ஹார்மென். இத நாங்க மறக்க மாட்டோம்," என்றார். 

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ஹார்மென்


குரோனிங்கன்
12 மார்ச்

ஹார்மென்,

பிரித்துவிட்டாய் என்றால் கடைசி வரை படி. உன் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

யெல்லே தோற்றுவிட்டான், உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். தீர்ப்பு வந்த மறுவாரம் ரென்ஸ்கே அவனைக் காணோம் என்று தேடிப் போனாள். உங்கள் ஆலைக்குப் பின்னால், பிப்ரவரிக் குளிரில், கால்வாயில் மார்பளவு தண்ணீரில் நின்று புட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தான். கரையில் பதினேழு புட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி, மூடி முறுக்கி, வரிசையாக. அவற்றைப் பரிசோதனைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். புது வடிகட்டியை ஜனவரித் தொடக்கத்திலேயே சத்தமில்லாமல் மாட்டிவிட்டார்களே! இரண்டு வருடம் கிடைக்காத வடிகட்டி, வழக்கு என்றதும் ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டது.

இப்போது மனநல மருத்துவமனையில் இருக்கிறான். பேச்சை நிறுத்திவிட்டான். போனால் என் கையைப் பிடித்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இனி ஒரே ஒரு சாட்சியம்தான் மிச்சம். நீ கிழிக்கச் சொன்ன டிசம்பர் கடிதம். நான் கிழிக்கவில்லை.

யெல்லேவின் வக்கீலிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். நீயாகச் சுற்றுச்சூழல் போலீஸிடம் போய்ச் சொன்னால், ரூல்ஃப்செமாவையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கிற சாட்சி நீ. பொய்ச்சாட்சி சொன்னதைக்கூட நீயே திருத்திக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். கடிதம் முதலில் போய்விட்டால் நீ அகப்பட்ட குற்றவாளி. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் தப்பிக்கச் சொல்வதாகத்தான் பார்ப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், அவ்வளவு பெரியது.

24ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன். சத்தியம். அதற்குள் நீ போகவில்லை என்றால் நான் கொடுத்துவிடுவேன். ஒரு தாளை யோசிக்காமல் கொடுத்து ஒருவனை அழித்தவள் நான். இதை யோசித்துத்தான் செய்கிறேன். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடாதே, தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


குரோனிங்கன்
22 மார்ச், புதன்

ஹார்மென்,

கொடுத்துவிட்டேன். இன்று காலை ஒன்பது மணிக்கு.

வெள்ளி என்று சத்தியம் செய்தவள் நான்தான். பிறர் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன். நேற்று மாலை உன் பச்சைக் கார் என் தெருவில் நின்றதைப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். கடிதத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறாய் என்று புரிந்தது. நீ வாசலில் நின்று ஒரு முறை "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். சின்ன வயதிலிருந்து நீ அழுதால் என் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவேன். அதனால்தான் உன்னைப் பார்க்காமல் இருக்கத் திரையை மூடினேன். அதனால்தான் விடிந்ததும் முதல் வேலையாகப் போனேன். இன்னும் இரண்டு நாள் என்னால் தாங்கியிருக்க முடியாது.

போலீஸில் அதை வாங்கி வைத்த பெண் உன் எழுத்தைப் பார்த்து, "நல்ல தெளிவான கையெழுத்து," என்றாள். நான் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. யெல்லேவிடமும் நான் அதைக் கேட்கவில்லை.

வீட்ஸ்கே


ஓஸ்டர்வீரும்
27 மார்ச்

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் வந்திருக்கிறது. நான் அப்போது வீட்டில் இல்லை. காலை எட்டு மணிக்கே நல்ல சட்டை போட்டுக்கொண்டு போலீஸுக்குப் போயிருந்தேன். வியாழன் எனக்கு ஓய்வு நாள்.

பெயரைச் சொன்னேன். அந்த அதிகாரி ஒரு கோப்பைத் திறந்தார். உள்ளே என் கடிதம். "ஒங்கள கூட்டிட்டு வர வண்டி கிளம்புது, நீங்களே வந்துட்டீங்க," என்றார். நானாகத்தான் வந்தேன், கடிதம் இங்கே வந்துவிட்டது எனக்குத் தெரியாது, வெள்ளி வரை பொறுப்பதாகத்தான் நீ எழுதியிருந்தாய் என்றேன். அவர் உன் மார்ச் 12 கடிதத்தைக் கேட்டார். கோட்டுப் பையில்தான் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். 'வெள்ளி வரை' என்ற வரியைப் படித்துவிட்டு, "அப்போ மெரட்டல் வந்ததால வந்திருக்கீங்க," என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். "நேத்தே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

ஆலை வெள்ளிக்கிழமையே அறிக்கை விட்டுவிட்டது. ஒரு ஷிப்ட் பொறுப்பாளர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் தனியாகச் செய்த காரியமாம். நடத்தை விதிகளை அவர் படித்துக் கையெழுத்துப் போட்டதற்கு ஆதாரம் இருக்கிறதாம். ரூல்ஃப்செமா மிகவும் வருந்துகிறாராம். வேலை போய்விட்டது. ஜூனில் வழக்கு. யெல்லேவின் வழக்கை மறுபடி எடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னார், ரென்ஸ்கேவிடம் நீ சொல். அந்த மட்டும் நல்லது. அவனுக்குப் புரிகிறதோ இல்லையோ, காதில் போட்டு வை.

உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் வந்தது கடிதத்தைக் கேட்க இல்லை. உன் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது சரியாக ஆறு மணி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நீ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சாப்பிடுகிற நேரத்தில் யார் வீட்டு மணியையும் அடிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நீ முடித்துவிட்டுத் தட்டை எடுத்துவைத்ததும் வரலாம் என்று காரிலேயே இருந்தேன். வியாழக்கிழமை என்னோடு போலீஸ் வரைக்கும் வருவாயா என்று கேட்க வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தது, அக்கா.

நீ சாப்பிட்டு முடித்தாய். எழுந்து ஜன்னலுக்கு வந்து, என் காரை நேராகப் பார்த்துவிட்டு, திரையை இழுத்து மூடினாய். நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஹார்மென்